முதலாளிக்கு எந்தப் பெட்ரோல்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசையில் நிற்பவளை எல்லாரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே நாங்கள் எல்லாருமே இஸ்திரி போடுகிறவர்கள்தான். ஆனாலும் பட்டம் அவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. தலையணை உறையின் மடிப்பு ஒரு நூல் விலகியிருந்தாலும் மறுபடி தண்ணீர் தெளித்து முதலிலிருந்து தேய்ப்பாள். விருந்தாளி அதன்மேல் தலையை வைத்துத் தூங்கத்தானே போகிறார், விடு என்பார் மேற்பார்வையாளர். தூங்கத்தான் போறார், அதுக்காகத்தான் என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் உடம்பெல்லாம் பெட்ரோல் வாடையோடு வேலைக்கு வந்தாள். இஸ்திரிப்பெட்டி சூடாயிருக்கு, கிட்டே போகாதே அக்கா, பத்திக்கப் போறே என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் சட்டைக் கையை மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு வாடையே தெரியலடி" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்துப் பல மாதங்களாக, விரிப்பை மடிக்கிறபோதும் டீ குடிக்கிறபோதும் அவள் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வேலையாகப் போனபோது, அடித்தளத்தில் ஒரு பழைய கார் நாலு சக்கரமும் காற்றில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முந்தைய காலத்து வண்டி. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று உரிமையாளர் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் சம்பாதித்ததெல்லாம் அந்த வண்டிக்குத்தான். பொண்ணு பார்த்து முடிவானதும் வருங்கால மனைவியை அழைத்துக்கொண்டு போய் அவர் முதலில் காட்டியது அம்மாவை இல்லை, காரை. பனியனைக் கழற்றி அவர் அதன் கண்ணாடியைத் துடைத்த துடைப்பைப் பார்த்து, "இதுதான் உங்க முதலாளியா?" என்று கேட்டாளாம் இவள். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. வீட்டில் யாரும் கார் என்று சொல்வதில்லை. முதலாளி வெயிலில் நிற்கிறார், முதலாளிக்குப் பசிக்கிறது, அப்படித்தான் பேச்சு.

பிள்ளைகள் இல்லை. அது ஒரு குறை என்று இருவரும் கொஞ்ச காலம் வருத்தப்பட்டு, பிறகு விட்டுவிட்டார்கள். அவர் லிஃப்டுக்குள் ஏறி இறங்கினார், இவள் துணியைத் தேய்த்தாள், விடுமுறை நாளில் முதலாளியில் ஏறி ஊரைச் சுற்றினார்கள். இப்படியே போயிருக்கும். அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அரை நாள் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். வேலை போனது. முதலில் வாடகைக் காரில்தான் போய்வந்தார்கள். மெஷினை விட்டு எழுந்ததும் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும், தலை சுற்றும், சில நாள் வாந்தி. வண்டிக்காரர்கள் மூஞ்சியைச் சுளித்ததை இவளால் தாங்க முடியவில்லை. அதனால் இவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலாளியின் ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி. தோள்பட்டை இற்றுப்போகும். ஆனால் பின் சீட் சோபா மாதிரி அகலம். அவர் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு வரலாம். வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினாள். மதியம் வரை எங்களோடு தேய்ப்பாள், நேரே வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவாள், அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், பொழுது சாயும்போது திரும்பக் கூட்டிவந்து கஞ்சி வைப்பாள். மறுநாள் மறுபடி விடியற்காலை. நின்றுகொண்டே தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கை மட்டும் பெட்டியை நகர்த்திக்கொண்டிருக்கும்.

சிக்கல் பெட்ரோலில் ஆரம்பித்தது.

வீட்டுக்காரருக்கு ஒரு வைராக்கியம். முதலாளிக்கு விலை கூடின பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அதுவும் கண்ட பங்க்கில் இல்லை. ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பங்க் உண்டு, அங்கேதான். உடம்பு நன்றாயிருந்தபோது அவரே போய் ஊற்றிக்கொண்டு வருவார். இப்போது அந்த வேலையும் இவள் தலையில். ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, நெரிசலில் ஊரைக் குறுக்கே கடந்து போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் அவர் எழுந்திருக்கிற நேரமாகிவிடும்.

இதில் கொழுந்தன் வேறு. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அண்ணன் மேல் உயிர். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் அண்ணனைச் சேர்த்துவிட்டதே அவன்தான். சொந்தமாக அவனிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். ஆனால் பழைய கார்களைப் பற்றி அவன் ஃபோனில் படிக்காத கட்டுரை கிடையாது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததாம், அது என்ஜினுக்குள்ளே வால்வுகளுக்கு மெத்தை மாதிரியாம், இப்போது அது இல்லாததால் வால்வு உட்காருகிற இடம் தேய்ந்துபோகுமாம். ஒரு புட்டி மருந்தை வாங்கிவந்து, பெட்ரோல் போடுகிறபோதெல்லாம் ஒரு மூடி ஊத்துங்க அண்ணி என்று கொடுத்துவிட்டுப் போனான்.

"அவருக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்புன்னு டாக்டர் ஒருத்தர்தான் சொல்றார்" என்று அவள் என்னிடம் ஒருநாள் சொன்னாள். "முதலாளிக்குத்தான் ஆளுக்கு ஆள் டாக்டர்."

இவ்வளவு சீராட்டியும் முதலாளி நடுவழியில் நிற்கத் தொடங்கினார். காலையில் ஒரு குறையும் இருக்காது. மதிய வெயிலில், சிக்னலில் நின்று கிளம்பும்போது, விக்கல் எடுத்தவன் மாதிரி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோவார். பின்னாலிருந்து ஹாரன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, சோக்கை இழு, காலை எடு, இப்போ மிதி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இவளுக்கு முதுகில் வியர்வை வழியும்.

மெக்கானிக்குக்கு மோப்பம் என்று பேர். வண்டியின் கோளாறை மூக்கால் மோந்தே கண்டுபிடிப்பார் என்று பெயரெடுத்தவர். இந்தத் தடவை அவர் மூக்கு கைகொடுக்கவில்லை. முதலில் ப்ளக் என்றார், மாற்றினார். பிறகு காயில் என்றார், அதையும் மாற்றினார். முதலாளி நின்றபடிதான் நின்றார். இதற்கிடையில் வண்டிக்குள் பெட்ரோல் வாடை. பெட்ரோல் குழாயாக இருக்குமோ என்று மோப்பம் கை வைக்கப் போனபோது வீட்டுக்காரர் விடவில்லை. வெளியே துணி பின்னிய அந்த ரப்பர் குழாய்களை எங்கேயோ தேடி, யார் யாருக்கோ எழுதிப்போட்டு வரவழைத்திருந்தாராம். அந்தக் காலத்து அசல். "வண்டி காலத்துச் சாமான் வண்டியோடதான் இருக்கணும்" என்றுவிட்டார். மோப்பமும் பழைய சிநேகிதர், நோயாளி மனசை நோகடிக்க வேண்டாமென்று பானெட்டை மூடிவிட்டார்.

அந்த வாடைதான் இவள் சட்டையிலும் ஏறியிருந்தது.

பாலத்தின் மேல் நடந்தது அதற்கு அடுத்த வாரம்.

நல்ல உச்சி வெயில். மேம்பாலத்தில் பாதி தூரம் ஏறியிருப்பார்கள், முதலாளி குலுக்கிவிட்டு நின்றார். இவள் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். வாடை குப்பென்று அடித்தது. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினால், குழாய் ஒன்று வாய் பிளந்து பெட்ரோல் என்ஜின் மேலே கசிந்துகொண்டிருந்தது. சூட்டில் பட்டுப் புகை மாதிரி எழும்பியது.

ஓடிவந்து கதவைத் திறந்து அவரை இறங்கச் சொன்னாள். அவர் இறங்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழட்டு, டிக்கியில் ஸ்பேனர் இருக்கு, எடு என்கிறார். இவள் கையைப் பிடித்து இழுக்க, அவர் முன்பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல்ல ஒயரைக் கழட்டு, முதல்ல ஒயரைக் கழட்டு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பால் குடிக்கிற பிள்ளையை விட்டு வரமாட்டேன் என்கிறவள் மாதிரி இருந்தது அவர் முகம் என்றாள். கடைசியில் இவள் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து அப்படியே வெளியே இழுத்துப் போட்டாள். எலும்பும் தோலுமாக இருந்தவர் என்பதால் முடிந்தது.

பின்னால் வந்த சிமெண்ட் கலவை லாரியின் டிரைவர் தீயணைப்பு உருளையோடு ஓடிவந்து என்ஜின் மேலெல்லாம் வெள்ளைப் பொடியை அடித்தார். தீ பிடிக்கவில்லை. லாரிக்காரரே இருவரையும் மேலே ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

அதற்குள் இவர்களுடைய மெஷினில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் காலைதான் இடம் என்றார்கள். சாயங்காலம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்கில் குழாய் வைத்து, முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறினபின் அவர் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி வண்டி எங்கே என்பதுதான். ஓரமாக நிக்குது என்றாள். கோபம்கூட வரலடி, அதுக்கும் தெம்பு வேணுமே என்றாள் என்னிடம்.

மோப்பம் முதலாளியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து தன் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். மறுநாள் வீட்டுக்காரர் மெஷினில் இருந்த நேரத்தில் இவள் அங்கே போனாள். மோப்பம் ஒரு துண்டுக் குழாயை இவள் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். வெளியே துணிப் பின்னல் அழகாக இருந்தது. உள்ளே ரப்பர் மென்று துப்பின மிட்டாய் மாதிரி கொழகொழத்திருந்தது. விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இப்பல்லாம் பெட்ரோல்ல சாராயம் கலக்குறாங்கம்மா" என்றார் மோப்பம். "எத்தனால்னு பேரு. புது வண்டியெல்லாம் அதைக் குடிச்சுப் பழகினது. நம்ம முதலாளி பழகாதவர். இந்தக் காலத்து ரப்பர்னா தாங்கும், அந்தக் காலத்து ரப்பரை அது அரிச்சிடும். கரைஞ்சது போய் வழியை அடைச்சுக்கும், சூடு ஏறினா வண்டி நின்னுடும்."

விலை கூடின பெட்ரோலில் அது இல்லையா என்று கேட்டாள். அதிலும்தான் கலக்கிறார்கள் என்றார். அந்தப் பெட்ரோல் அழுத்தம் அதிகமுள்ள என்ஜினுக்கு. உள்ளே தட்டுகிற சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும். முதலாளியின் என்ஜின் அழுத்தம் குறைவானது. அவருக்கு அது வேண்டியதே இல்லை, ஊற்றினால் கெடுதலும் இல்லை, லாபமும் இல்லை. கொழுந்தன் கொடுத்த மருந்து? நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம், ஆஸ்பத்திரிக்கு ஊர்ந்து போய்வருகிற வண்டிக்குத் தேவையிருக்காது என்று தனக்குத் தோன்றுகிறது, ஆனால் சத்தியம் செய்து சொல்ல முடியாது என்றார். சாராயம் கலக்காத பெட்ரோல் கிடைக்காதா என்றாள். படகுத்துறையில் கிடைக்கும், படகுக்காரர்களுக்கென்று விற்கிறார்கள், முதலாளிக்கு அதுதான் உசிதம். ஆனால் போய்வர ஒரு பகல் ஆகும்.

"நான் ஏற்கெனவே ரெண்டு தடவை தப்பாச் சொல்லி உன்னை அலைக்கழிச்சவன்" என்று மோப்பம் தலையைச் சொறிந்துகொண்டார். "அதையும் மனசுல வெச்சுக்கிட்டு முடிவு பண்ணு."

இவள் கொட்டகையில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளை மறுநாள் அவரைக் கூட்டிட்டுப் போகணும். எதைப் பண்ணினா வழியில நிக்காது?"

"ரப்பர் அத்தனையும் மாத்தணும். பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கிற சவ்வையும் மாத்தணும். டேங்க்கைக் கழுவி, புது ஃபில்டர் போடணும். அப்புறம் பக்கத்துப் பங்க்குல சாதாப் பெட்ரோல் ஊத்து, போதும்."

"சரி, பண்ணிடுங்க."

"வீட்ல ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டா வேண்டாம்பார்."

மோப்பம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். பிறகு கீழே குனிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

இரண்டு நாளில் வண்டி தயாரானது. மதிய வெயிலில் சிக்னலில் நின்றது, கிளம்பியது. பாலத்தில் ஏறியது, இறங்கியது. வாடை இல்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பார்த்தியா, நல்ல பெட்ரோலை விடாம ஊத்தினா எப்படிப் பூ மாதிரி ஓடுது என்றார். இவள் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினாள். டேங்க்கில் இருந்தது ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசைப் பங்க்கின் சாதாப் பெட்ரோல். ஊர்க் கோடிக்குப் போய்வருகிற நேரம் மிச்சமானதில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் கண்ணயர முடிந்தது. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த லாபம். ஒவ்வொரு தடவையும் அவர் பெட்ரோலைப் புகழும்போது ஹாரன் அடித்துப் பேச்சை மாற்றுவேன் என்றாள். அதுக்குப் பதிலா உண்மையைச் சொல்லிடேன் என்றேன் நான். சொன்னா ஒரு சண்டை வரும், அதுக்கு நேரம் எங்கே இருக்கு என்றாள்.

ஆனால் ஒளித்து வைக்கக் கூடிய விஷயமா அது? அவருக்குக் கொஞ்சம் உடம்பு தெளிந்த ஒருநாள், துணியை எடுத்துக்கொண்டு கீழே போய் பானெட்டைத் திறந்துவிட்டார். துணி பின்னிய பழுப்புக் குழாய்கள் இருந்த இடத்தில் கடையில் வாங்கின கறுப்பு ரப்பர். மாடியேறி வந்தார். இவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கல."

"பெட்ரோல்?"

"சாதா."

அவர் கட்டிலில் போய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். காரில் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டுப் போகும்போதும் பின்னால் உட்கார ஆரம்பித்தார், வாடகைக் காரில் போகிறவர் மாதிரி. இவள் வைக்க வேண்டிய கஞ்சியை வைத்தாள், கொடுக்க வேண்டிய மாத்திரையைக் கொடுத்தாள். வீட்டில் சத்தமே இல்லை, ஒரு விதத்துல நிம்மதியாகூட இருந்துச்சுடி என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அண்ணன் மூலம் சேதி போய் கொழுந்தன் ஃபோன் செய்தான். அசல் சாமான் போனதில் வண்டியின் மதிப்பே குறைந்துவிட்டது, சங்கத்தில் என்ன சொல்வார்கள், அண்ணி நீங்கள் என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நீளமாகப் பேசினானாம். இவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு நாள் நீ அண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டு வா. அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்றாள்.

ரோஷக்காரன். லீவு போட்டுவிட்டு வந்தான். முதலாளியை ஓட்டக் கிடைத்ததில் போகும்போது உற்சாகமாகத்தான் போனானாம். ஆஸ்பத்திரியில் அண்ணனின் கையில் அந்தத் தடிமனான ஊசிகளை ஏற்றுவதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதற்கப்புறம் அரை நாள் அந்த நாற்காலி. திரும்பி வரும்போது அண்ணன் பின் சீட்டில் வாந்தி எடுத்தார். நெரிசலில் வண்டியை நிறுத்தவும் முடியாமல், திரும்பிப் பார்க்கவும் முடியாமல், அந்த ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி வீடு வந்து சேர்ந்தபோது அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. வாளியில் தண்ணீர் பிடித்து அவனே சீட்டைக் கழுவினான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வரேன் அண்ணி என்றான். பெட்ரோலைப் பற்றி அவன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. மாதத்தில் ஒருநாள் வந்து இவளுக்குப் பதிலாக ஓட்டவும் ஆரம்பித்தான். சொன்னபடி எல்லா மாதமும் வந்தான் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் பேசியது ஆஸ்பத்திரியில்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவள் போர்வையை இழுத்து விட்டுவிட்டு நகரப் போனபோது, அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"நீ கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"லிஃப்ட் கயிறு நைஞ்சிருக்கான்னு எத்தனை பேருக்குப் பார்த்துச் சொன்னவன் நான். அந்தக் குழாய் நைஞ்சது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா வண்டியும் உன் கையில, நானும் உன் கையில. எந்தப் பெட்ரோல்னு சொல்றது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு."

பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் போர்வையை இன்னொரு தடவை இழுத்துவிட்டாள்.

"இனிமே எதை ஊத்தணுமோ ஊத்திக்கோ" என்றார்.

அவருக்கு அது பெரிய விட்டுக்கொடுப்பு. ஜெயித்த மாதிரி இருந்ததா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள். இதுவரை பெட்ரோலைப் பற்றி யோசிக்கவாவது வீட்டில் இன்னொரு ஆள் இருந்தது, இனி அதையும் தானேதான் யோசிக்க வேண்டும் என்று தோன்றியதாம். சொல்லிவிட்டு விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள், இருவரும் மடித்தோம்.

பிறகு அவருக்கு ஊசி ஏற்றுகிற இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். அது எங்கள் ஹோட்டலிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், வண்டி நிறுத்த அங்கே இடமும் கிடையாது. முதலாளி வீட்டுக்குக் கீழே சும்மா நின்றார். ஒருநாள் வழியில் பார்த்த மோப்பம் எச்சரித்தார். இந்தப் பெட்ரோல் நாட்பட டேங்க்கில் கிடந்தால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், டேங்க் துரு பிடிக்கும். ஒன்று முழுக்க இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அவ்வப்போது ஓட்டிச் செலவழித்துப் புதுசு ஊற்ற வேண்டும் என்றார்.

அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. மதியம் ஹோட்டலை விட்டு வந்து, பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் கொஞ்சம் ஓட்டிவிட்டு வரலாம் என்று முதல் நாள் எடுத்தாள். பக்கத்திலும் பின்னாலும் யாருமில்லாமல் அவள் அந்த வண்டியை ஓட்டியது அதுதான் முதல் தடவை. போக ஒரு இடமும் இல்லை. விளையாட்டு மைதானத்தைச் சுற்றிப் போகிற ரோட்டில் போனாள். ஒரு சுற்று சுற்றினாள். மதில் ஓரமாக மர நிழல் இருந்தது. கண் எரிந்ததால் நிறுத்தினாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடலாம் என்றுதான் முன் சீட்டில் சாய்ந்தாளாம். கழுத்து வலித்தது. இறங்கிப் பின் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, காலை மடக்கிப் படுத்தாள்.

மைதானக் காவல்காரர் கண்ணாடியைத் தட்டியபோது வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. உயிரோட இருக்கீங்களாம்மா என்று கேட்டாராம் அவர். கன்னத்தில் சீட்டுத் தையலின் தடம் பதிய எழுந்து உட்கார்ந்தாள். நடுவில் விழிப்பில்லாமல், கனவில்லாமல், யாரும் டம்ளரைத் தட்டாமல் இப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. அன்றைக்குப் பார்வையாளர் நேரம் தவறிவிட்டது. குற்ற உணர்ச்சியோடு மறுநாள் ஒரு மணி முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். ஆனால் அதற்கடுத்த நாள் மறுபடி மைதானத்துக்கு ஓட்டினாள். இந்தத் தடவை தலையணை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரங்களில்தான் வேலையில் அவள் முகம் கொஞ்சம் மாறியதை நான் கவனித்தேன். வீட்டுக்காரருக்குக் குணமாகி வருகிறதா என்று கேட்டேன். அவர் அப்படியேதான் இருக்கிறார், முதலாளிதான் நன்றாக இருக்கிறார் என்றாள்.

அவர் இன்னும் இளைத்துப்போய் வீடு திரும்பினார். படியேறுவதற்கு முன்னால் கார் பக்கம் நின்று, வண்டியை ஓட்டினாயா, பெட்ரோல் தேங்கிக் கிடக்கவில்லையே என்று விசாரித்தார்.

"ஓட்டினேன்."

"எங்கெல்லாம் போனே?"

"மைதானம் வரைக்கும். அங்க நிறுத்தித் தூங்கினேன்."

அவர் பின் சீட்டைப் பார்த்தார். தலையணை அங்கேயே கிடந்தது. "கண்ணாடியை இறக்கி வெச்சியா?" என்றார்.

"கொஞ்சம் இறக்கி வெச்சேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்.

இப்போதும் அதே ஓட்டம்தான். விடியற்காலையில் வந்து என் பக்கத்து மேசையில் தேய்க்கிறாள், மதியம் ஓடுகிறாள். அவர் உடம்பு ஏறுவதாக இல்லை. இறங்காமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படகுத்துறைப் பெட்ரோலுக்கு அவள் ஒருநாளும் போகவில்லை. கொழுந்தன் கொடுத்த மருந்துப் புட்டி பாதியோடு அலமாரிக்கு மேலே இருக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கைகழுவியதும் அவர் சாவியை எடுத்து மேசையின் இந்தப் பக்கம் தள்ளுவாராம். போய் ஒரு சுற்று ஓட்டிட்டு வா, தேங்கினா பெட்ரோல் கெட்டுடும் என்பாராம். வாரத்துக்கு மூன்று நாள் ஊருக்குக் குறுக்கே போய்வருகிற வண்டியில் பெட்ரோல் எப்படித் தேங்கும் என்று அவளும் கேட்பதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போகிறாள்.